பனியன் துணி முடிச்சு

சாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே கேட்டது இதைத்தான்: "மெஷினாலயா?" இல்லை. என் அக்கா ரோஸ்மேரியின் கணவர் அந்தோணிராஜ் நெஞ்சுவலியில் போனார். பன்னிரண்டு வருடம் புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டியவர். அந்த மெஷினால் யார்மீதும் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் அவர் உயிரே போகப் பார்த்த ஒரு நாள் உண்டு. அதற்குக் காரணம் நான். அக்காவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு டெய்லராக வந்தவர். முதுகுவலியால் தையலை விட்டுவிட்டு, மண்ணரையில் நான் ஆபீஸ் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தார். புல் வெட்டும் நாளில் பூட்ஸ், முழங்கால் காப்பு, கையுறை, காதுமூடி, முகத்துக்கு வலை வைத்த ஹெல்மெட் எல்லாம் மாட்டிய பிறகுதான் மெஷினைத் தொடுவார்.

"ஏனுங்க அந்தோணி, புல்லு வெட்டப் போறீங்களா, நெலாவுக்குப் போறீங்களா?" என்பார் மேனேஜர் மகுடேஸ்வரன்.

"நெலாவுல கல்லு தெறிக்காது சார். இங்க தெறிக்கும்."

முதலில் தரையை நடந்து பார்த்து, கல், கம்பி, பாட்டில் ஓடு, கிழிந்த துணி எல்லாம் பொறுக்குவார். ஐம்பதடிக்குள் யாராவது வந்தால் என்ஜினை நிறுத்திவிடுவார். மேனேஜர் வந்தாலும் அப்படித்தான்.

சென்ற ஆவணியில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனியைப் பார்க்க வருவதற்கு முந்தின நாள், தோள் வாரை நெஞ்சில் சேர்க்கும் பூட்டு உடைந்தது. ஆபத்தென்றால் அந்தப் பூட்டை ஒரு தட்டுத் தட்டினால் மெஷின் வாரோடு கழன்று விழும்.

"புதுசு வரட்டும் மாப்ள. அதுவரைக்கும் மெஷினத் தொட மாட்டேன்."

"உங்க அத்தான்கிட்டச் சொல்லுங்க, மத்தியானத்துக்குள்ள முடிக்கோணும்" என்று மேனேஜர் என்னை நெருக்கினார். திருப்பூரில் எது அறுந்தாலும் கட்டிங் வேஸ்ட்டில், வெட்டி மிஞ்சிய துணியில், ஒரு துண்டு எடுத்துக் கட்டிவிடுவோம், பைக் சீட்டிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை. நானும் ஒரு பனியன் துணிப் பட்டையை எடுத்து, வாரின் இரண்டு முனைகளையும் அவர் நெஞ்சில் சேர்த்து முடிந்தேன்.

"ஒரு நாள்தான அத்தான்."

முடிச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒன்னய என்னதான் சொல்ல" என்று மெஷினைக் கிளப்பினார்.

பதினொன்றரை மணி இருக்கும். மதில் ஓரம் கம்பிவேலியில் படர்ந்திருந்த புதரில் மெஷினை வைத்ததும் உள்ளே கூடு கட்டியிருந்த கதண்டுக் குளவிகள் கிளம்பின. அவர் பின்வாங்கிய வேகத்தில் மெஷினின் தண்டு வேலிக் கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. சிவப்பு சுவிட்சை அழுத்தினார். என்ஜின் நின்றது, பிளேடு சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு கையால் முடிச்சை இழுத்தார். பனியன் துணி இழுக்க இழுக்க நீளும், முடிச்சு இறுகும். இது தெரியாதவனா நான்?

கழுத்திலும் காதோரத்திலும் கொட்டின. டீ குடிக்க வெளியே வந்து என்னோடு நின்றிருந்த செக்கிங் பிரிவு முத்துப்பேச்சி, கழுத்தில் தொங்கிய நூல் வெட்டும் கத்தரியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"கிட்ட வராத! பிளேடு நிக்கல!"

"வெட்டி விட்டுருதேன் அண்ணே!"

"நில்லு புள்ள!"

கையை நீட்டி எங்களைத் தடுத்தபடி பிளேடையே பார்த்துக்கொண்டு நின்றார். சில நொடிதான். அதற்குள் முதுகெல்லாம் கதண்டு அப்பியிருந்தது.

"இப்ப வா."

அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பாய்ந்து முடிச்சை அறுத்தாள். வார் விழுந்தது. மூன்று பேரும் ஓடிச் சரக்கு அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினோம். எனக்கு மூன்று கொட்டு, அவளுக்கு ஐந்து. அவருக்கு யாரும் எண்ணவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இரண்டு தடவை மூச்சு அடைத்தது. வலை இருந்ததால் கண் தப்பியது.

சாயங்காலம் மேனேஜர் வார்டுக்கு வந்தார். "ஏனுங்க, யாருங்க அந்தத் துணியக் கட்டுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீங்கிய உதட்டோடு அத்தான் சொன்னார்: "நாந்தான் சார்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

'தொழிலாளி தானாகவே கட்டிக்கொண்டார்' என்று மறுநாள் ரிப்போர்ட் டைப் செய்ததும் நான்தான். அத்தானிடம் நீட்டினேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

"வேலைய விட்றாத மாப்ள. ஒங்க அப்பனுக்கு மருந்து வாங்கணும்லா?"

அந்தக் காகிதம் இன்னும் கம்பெனி ஃபைலில் இருக்கிறது. அவர் போய் இன்றோடு முப்பது நாள். செய்யாத தப்பு அவர் பெயரில் கிடக்கிறது. விடிந்ததும் முதலில் அக்காவிடம் சொல்வேன். அப்புறம் மேனேஜரிடம்.