தமிழுக்கு இரண்டை அழுத்தவும்

இன்று ஹட்டனில் உள்ள போன் கம்பெனிக் கிளைக்குச் சண்டை போடத்தான் போனேன்.

தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மகள் முதல் தடவையாகக் கும்மியடித்தாள். அந்த வீடியோவைக் குவைத்தில் இருக்கும் மனைவிக்கு அனுப்பப் பார்த்தால் டேட்டா வேலை செய்யவில்லை. கஸ்டமர் கேருக்கு அழைப்பெடுத்து, அவர்கள் சொன்னபடி செய்தேன். போனில் இருந்த அத்தனையும் அழிந்துவிட்டது.

கவுண்டரில் இருந்த பிள்ளையிடம் சிங்களத்தில் கத்தினேன். அவள் தமிழில் பதில் சொன்னாள்.

"ரீசெட் பண்ணச் சொன்னது எங்க பிழைதாண்ணே. டவர்லதான் பிரச்சினை இருந்திருக்கு. ஆனா போட்டோ, வீடியோ எல்லாத்தையும் வேற எடத்துல எடுத்து வச்சிட்டீங்களான்னு சிங்களத்துல ரெண்டு தடவ கேட்டிருக்காங்க. நீங்க ஆமான்னு சொன்னதா இங்க எழுதியிருக்கு."

சொன்னேன்தான். தமிழ் லைனில் வெகுநேரம் பாட்டுப் போடுவார்கள் என்று நினைத்து, சிங்களத்துக்கு ஒன்றை அழுத்தியிருந்தேன். லைனில் வந்தவர் படபடவென்று பேசியதில் பாதிதான் புரிந்தது. புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் "ஹரி, ஹரி" என்றேன், சிங்களத்தில் 'சரி, சரி'.

"ஏண்ணே, தமிழுக்கு ரெண்ட அழுத்தியிருக்கலாமே?"

வரிசையில் பின்னால் நின்றவர்களும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கம்பெனிக்காரன் அழித்துவிட்டான் என்றுதான் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். இந்தப் பதிவை அவளும் படிப்பாள்.

'எங்கே போனாலும் தமிழில் சேவை கேளுங்கள், அது நம் உரிமை' என்று போன மாதம் இதே பக்கத்தில் எழுதியவனும் நான்தான். அதற்கு லைக் போட்டவர்கள் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். எடுப்பதற்கு முன்னால் உண்மையைச் சொல்லுங்கள்: நீங்கள் எந்த எண்ணை அழுத்துகிறீர்கள்?