உள்ள போ, படியில நிக்காத

எங்க வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். தெருவுல அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, கண்டக்டர்தான். அதனால நான் கண்டக்டர் வீட்டம்மா. டிரைவர் முதுகுலேருந்து கடைசி சீட்டு வரைக்கும் அவர் தொண்டைதான் ஆட்சி. "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத"ன்னு ஒரு குரல் விட்டார்னா, படியில தொங்குறவன் தானா உள்ள வந்து நிப்பான். ஒரு தடவை போலீஸ்காரரே பயந்து நகர்ந்து நின்னாராம். அவரே சொன்னது, பாதிதான் நம்பணும்.

வீட்டுலயும் அதே தொண்டைதான். சோத்துக்கு உப்பு கேட்டா நாலு வீட்டுக்குக் கேட்கும். "மெதுவாப் பேசுங்க, நான் என்ன கடைசி சீட்டுலயா உக்காந்திருக்கேன்"னு நான் திட்டாத நாள் கிடையாது. திட்டினது பலிச்சுடுச்சோன்னு அப்புறம் எத்தனையோ தடவை நெனச்சு அழுதிருக்கேன்.

வேலையை விட்டு நிக்கப் போற சமயத்துல தொண்டையில ஒரு கட்டி வந்துச்சு. கெட்ட கட்டி இல்லன்னு சொல்லி எடுத்துட்டாங்க. உசுருக்கு ஒண்ணுமில்ல, குரல்தான் போச்சு. மொத்தமாவும் போகல. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கண்ணு முழிச்சு நாலு நாள் கழிச்சு முதல் தடவையா "தண்ணி"ன்னு கேட்டார். தகரத்தைத் தரையில இழுத்த மாதிரி ஒரு சத்தம். பக்கத்துக் கட்டில்காரர் பேரப்பிள்ளை சிரிச்சுடுச்சு. சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்? ஆனா அன்னிக்கு வாயை மூடின மனுஷன் மூடினவர்தான்.

காப்பி வேணும்னா டம்ளரைத் தட்டுவார். வேண்டாம்னா கையை ஆட்டுவார். வெளியூர்ல இருக்கிற எங்க மக போன் பண்ணினா, மணி அடிக்கும்போதே எடுத்து என் கையில கொடுத்துட்டுப் பின்பக்கம் போயிடுவார். டாக்டர் கண்டிச்சுச் சொன்னார்: "பேசப் பேசத்தான் குரல் படியும். இப்படியே ஊமையா இருந்தா இருக்கிறதும் போயிடும்." அவர் தலையை ஆட்டினார். ஆட்டுறதுக்கு மட்டும் குறைச்சலே இல்ல. நான் கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், பேசாம இருந்தும் பார்த்தேன். பேசாம இருக்கிற போட்டியில அவர்கிட்ட ஜெயிக்க முடியுமா? ஒரே நாள்ல தோத்தேன். அந்த மனுஷன் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிட மாட்டாரான்னு இருந்துச்சு எனக்கு. திட்டினாலும் சரிதான்.

அன்னிக்கு டாக்டரைப் பார்த்துட்டுத் திரும்பி வரும்போது நடைபாதையில ஒருத்தன் கூடை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். கூடை நிறையக் கோழிக்குஞ்சு. ரோஸ், பச்சை, ஊதான்னு சாயம் பூசின குஞ்சுங்க. கீச்சு கீச்சுன்னு ஒரே சத்தம். எதுக்கும் நிக்காத மனுஷன் அங்க நின்னார். குனிஞ்சு காதைக் கொடுத்துக் கேட்டார். எனக்கு அது போதும். "வளர்த்தா முட்டையா இட்டுத் தள்ளும்மா"ன்னு கூடைக்காரன் சொன்னான். கை நிறைய வாங்கிட்டேன். வாங்கின பிறகுதான் ஞாபகம் வந்துச்சு, எங்க ரெண்டு பேருக்குமே கோழியைச் சட்டியில பார்த்துத்தான் பழக்கம்.

சமையல்கட்டு மூலையில ஒரு அட்டைப்பெட்டி. அதுக்குள்ள பழைய நியூஸ்பேப்பர். குளிருமேன்னு மேல ஒரு குண்டு பல்பு தொங்கவிட்டேன். கொஞ்ச நேரத்துல எல்லாம் காலை விரிச்சுக்கிட்டு வழுக்கி வழுக்கி விழுதுங்க. பக்கத்து வீட்டுத் தையல்காரி சுவருக்கு மேல எட்டிப் பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டா. அவ கோழியோட பிறந்து வளர்ந்தவ. "அக்கா, பேப்பர்ல கால் நிக்குமா? சாக்கை விரிங்க. தண்ணித் தட்டுல கூழாங்கல்லு போடுங்க, இல்லேன்னா விழுந்து செத்துடும்"னு சொல்லிக் குருணையும் கொண்டாந்து கொடுத்தா. இத்தனையும் செஞ்சோம். ஆனா கத்தல் நிக்கல. பொழுது சாயச் சாய ஜாஸ்தியாச்சு. தாயைத் தேடுதுங்கன்னு தையல்காரி சொன்னா. தாய்க்கு நான் எங்க போக?

நான் வாசல்ல துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். திடீர்னு கத்தல் நின்னுடுச்சு. பூனை வந்துடுச்சோன்னு பதறி ஓடினேன். கதவுகிட்டயே நின்னுட்டேன். அவர் பெட்டிப் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்து, கையை உள்ள விட்டுக்கிட்டு, அடித்தொண்டையில "கொக்... கொக்... கொக்"னு சொல்லிக்கிட்டிருக்கார். அதே தகரக் குரல். குஞ்சுங்க எல்லாம் அவர் உள்ளங்கைக்கு அடியில ஒண்ணுமேல ஒண்ணு ஏறிப் படுத்துக் கண்ணை மூடிடுச்சுங்க. தாய்க்கோழி குஞ்சைக் கூப்பிடுற குரல் அப்படித்தான் கரகரன்னு இருக்கும்னு தையல்காரி அப்புறம் சொன்னா. எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், கட்டின பொண்டாட்டிக்கு இல்லாத பேச்சு இன்னிக்கு வந்த குஞ்சுக்குக் கிடைச்சுடுச்சு. சந்தோஷமும் வந்துச்சு, வயித்தெரிச்சலும் வந்துச்சு. எது முந்தினதுன்னு கேட்காதீங்க.

உள்ள போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தேன்னா மனுஷன் மறுபடியும் வாயை மூடிக்கிட்டிருப்பார். அதனால வந்த வழியே திரும்பிட்டேன். அதுக்கப்புறம் தினமும் ஒளிஞ்சு நின்னு கேட்கிறதே என் பொழைப்பாப் போச்சு. கொக்கொக் போய் "வா"ன்னு ஆச்சு. அப்புறம் "தள்ளு, அவனும் திங்கட்டும்"னு ஆச்சு. நான் எட்டிப் பார்த்தா மட்டும் வாய் மூடிக்கும்.

குஞ்சுங்க வளர்ந்துச்சுங்க. சாயம் போய் வெள்ளை இறகு முளைச்சுது. அவர் பழைய கட்டிலையும் உடைஞ்ச ஜன்னல் பலகையையும் வெச்சுப் பின்பக்கம் ஒரு கூடு கட்டினார். பார்த்துட்டு எனக்குச் சிரிப்புத் தாங்கல. முன்வாசல் ஒண்ணு, பின்வாசல் ஒண்ணு, உள்ள ரெண்டு வரிசையாக் கம்பு, நடுவுல நடக்க வழி. ஏறுறதுக்குக் குறுக்குக் குச்சி அடிச்ச பலகை. பஸ்ஸையே கட்டி வெச்சிருந்தார் மனுஷன். கோழிங்களும் பஸ்ஸுல ஏறுற ஜனம் மாதிரியே. உள்ள இடம் கிடக்கும், எல்லாம் பலகையிலயே நின்னு இடிச்சுக்கும். ஜன்னலோரக் கம்புக்கு ஒரே சண்டை.

நான் முட்டைக்குக் காத்திருந்தேன். வைக்கோல் போட்டுக் கூடை வெச்சேன். தினமும் காலையில கூடையைத் துழாவுவேன். ஒண்ணும் இருக்காது. முட்டை ஓட்டை இடிச்சுப் போட்டா இடும்னு கடைத்தெருவுல சொன்னாங்க. முட்டை இடுறதுக்கு முட்டை ஓட்டுக்கு எங்க போறது? கடையில முட்டை வாங்கி, உடைச்சு, ஓட்டை இடிச்சு அதுங்களுக்குப் போட்டோம். நாங்க தின்ன முட்டைதான் மிச்சம்.

அப்புறம் ஒருநாள் காலையில நான் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன், அவர் கூட்டைத் திறந்துக்கிட்டிருந்தார். நான் ராணின்னு கூப்பிட்டுச் செல்லமா வளர்த்தது ஒண்ணு, சுவர் மேல ஏறி நின்னு, கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக்கிட்டுக் கூவிச்சு. கூவிச்சுன்னு சொல்றதே மரியாதைக்குத்தான். துருப்பிடிச்ச கதவு திறந்த மாதிரி ஒரு "க்கெர்ர்ர்". பாதியில உடைஞ்சு, இழுத்து, நின்னுபோச்சு. உடனே அதைப் பார்த்து இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. தையல்காரி சுவருக்கு அந்தப் பக்கத்துலேருந்து, "அக்கா, எல்லாமே சேவல்! சாயக் குஞ்சுன்னாலே பண்ணையில வேண்டாம்னு கழிச்ச சேவல்தான், உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சே ஆசைக்கு வளர்க்கிறீங்கன்னுல்ல நெனச்சேன்!"ன்னு கத்துறா. ராணி எங்களைப் பார்த்து மறுபடியும் கழுத்தை நீட்டி "க்கெர்ர்ர்"ங்குது. எனக்கு அடக்க முடியல. பாத்திரத்தைப் போட்டுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன்.

"சிரிக்காத."

திரும்பிப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கிட்டு நின்னார்.

"சிரிக்காத. அது இப்பத்தான் பழகுது."

குரல் கரகரத்துச்சு, நடுவுல உடைஞ்சுது, ஆனா முழுசா வந்துச்சு. நான் சிரிப்பை நிறுத்தினேன். நிறுத்தினா அழுகை வந்துடுச்சு. "சரிங்க, சிரிக்கல"ன்னேன். அவர் கூட்டுப் பக்கம் திரும்பிக்கிட்டார். மறுபடியும் வாயை மூடிக்கப் போறாரேன்னு பயந்தேன். அப்புறம் அவரே ராணியைப் பார்த்தார், அது மறுபடியும் க்கெர்ர்ருன்னுச்சு, அவருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அந்தச் சிரிப்பும் தகரச் சத்தம்தான். "இனி ராணியை என்னன்னு கூப்பிடுவ?"ன்னு கேட்டார். அன்னிக்குக் காப்பிக்கு டம்ளர் தட்டல, வாயைத் திறந்துதான் கேட்டார். டம்ளர் நிறைய சர்க்கரையைப் போட்டுட்டேன், அதுக்கும் திட்டு வாங்கினேன். அந்தத் திட்டு இன்னும் இனிக்குது.

ராணியை மட்டும் வெச்சுக்கிட்டு, மத்த சேவலையெல்லாம் தையல்காரியோட அண்ணன்கிட்ட கொடுத்துட்டு, மாத்துக்கு முட்டையிடுற கோழிங்களை வாங்கினோம். பேர் ராணியேதான், மாத்த மனசு வரல. முதல் முட்டை புறா முட்டை அளவுக்குத்தான் இருந்துச்சு. அதை வேகவெச்சுக் கத்தியால அறுத்து ஆளுக்குப் பாதி தின்னோம். மகளுக்கு அவரே போன் போட்டு, "முட்டை வந்துடுச்சு"ன்னார். அந்தப் பக்கம் அவ யாருன்னு கேட்கல. "அப்பா"ன்னு மட்டும் சொல்லிட்டு அழுதிருக்கா.

அப்புறம் கத்துக்கிட்டோம், ஒவ்வொண்ணும் அடிபட்டுத்தான். பேன் பிடிச்சுது, அதுங்க புரள்றதுக்குச் சாம்பல் குழி வெட்டினோம். கீரி வந்துச்சு, கம்பி வலை அடிச்சோம். அடைக்கோழி கூடையை விட்டு எழுந்திருக்கல, நோயின்னு பயந்து அதைத் தூக்கிக்கிட்டு மாட்டு டாக்டர்கிட்ட ஓடினார். "தாயாகணும்னு ஆசைப்படுது, அவ்வளவுதான்"னு டாக்டர் சிரிச்சிருக்கார். தெருவுல நாலஞ்சு வீட்டுல கோழி வந்துச்சு. எல்லாருக்கும் சந்தேகம் வந்தா கண்டக்டர்தான். கேட்கிறவங்களுக்கு பதில் சொல்லியாகணுமே, பேசிப் பேசியே குரல் ஒரு வழியாப் படிஞ்சுது. பழைய குரல் வரவே இல்ல. எனக்கு இந்தக் குரலே பழகிப்போச்சு.

தினமும் பொழுது சாயும்போது பின்பக்கம் போய் நிப்பார். "உள்ள போ, உள்ள போ. படியில நிக்காத." பலகையில இடிச்சுக்கிட்டு நின்னதெல்லாம் ஒண்ணொண்ணா உள்ள போகும். கடைசியா ராணி ஏறுவான். அவர் கூட்டுப் பலகையை ரெண்டு தட்டு தட்டி, "ரைட்"டுன்னு சொல்லிக் கதவைச் சாத்துவார். நான் சமையல்கட்டு ஜன்னல்ல நின்னு பார்ப்பேன். பல வருஷம் என் சாயங்காலமெல்லாம் இப்படித்தான் போச்சு. எனக்கு வேற எதுவும் வேண்டியிருக்கல.

போன மழைக்காலத்துல அவர் போயிட்டார். தூக்கத்துலயே, ஒருத்தருக்கும் தொந்தரவு இல்லாம. எல்லாம் முடிஞ்சு ஜனம் கலைஞ்ச அன்னிக்குச் சாயங்காலம், தையல்காரி வந்து என் தோளைத் தொட்டா. "அக்கா, கோழி அடையல. என்ன பண்ணியும் ஏறமாட்டேங்குது"ன்னா. நேத்து யார் யாரோ துரத்திப் பிடிச்சு அடைச்சிருக்காங்க. இன்னிக்கு ஆள் இல்ல. மழை வேற இருட்டிக்கிட்டு வந்துச்சு. பின்பக்கம் போய்ப் பார்த்தா, சுவர் மேல ரெண்டு, துவைக்கிற கல்லுல ரெண்டு, மத்ததெல்லாம் பலகையிலயே நிக்குதுங்க. பலகைக்குக் கீழ ராணி. கிழவனாயிட்டான். எல்லாம் சமையல்கட்டுக் கதவையே பார்த்துக்கிட்டு இருந்துச்சுங்க.

தையல்காரி பா பான்னு கூப்பிட்டா. குருணையை வீசினா. அசையல. நான் கூப்பிடலாம்னு வாயைத் திறந்தேன். ரெண்டு நாள் அழுததுல என் தொண்டை கட்டிப் போயிருந்துச்சு, தகரத்தை இழுத்த மாதிரி ஒரு சத்தம்தான் வந்துச்சு.

"உள்ள போ. உள்ள போ. படியில நிக்காத."

பலகையில நின்னது முதல்ல நகர்ந்துச்சு. சுவர் மேல இருந்தது குதிச்சு வந்து பின்னாலயே ஏறிச்சு. கடைசியா ராணி, ஒரு கணம் என்னைப் பார்த்துட்டு, மெதுவா ஏறினான். நான் பலகையை ரெண்டு தட்டு தட்டினேன். ரைட்டுன்னு சொல்ல வந்தேன், நடுவுல உடைஞ்சுபோச்சு. கதவைச் சாத்தி அதுலயே சாஞ்சுக்கிட்டேன்.

"சிரிக்காதீங்க"ன்னேன் அவர்கிட்ட. "நான் இப்பத்தான் பழகுறேன்."