அத்தைக்கு வைத்த இரண்டு வாசல்

எங்கள் நைனா ஆவடி ராணுவக் கிடங்கில் சமையற்காரர். கொரியாவில் பிடிபட்ட கைதிகளைக் காவல் காக்க நம் பட்டாளம் கப்பலேறியபோது, பட்டாளத்துக்குச் சோறு வடிக்க அவரும் கூடப் போனார். அடுத்தவர் சண்டைக்குக் காவல் இருந்துவிட்டு ஆறு மாதம் கழித்து வந்து பார்த்தால், எங்கள் வீடே இரண்டாகக் கிடந்தது.

கிணற்றடியில் ஒரு குடம் தண்ணீருக்காக அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் வந்த பேச்சு அது. அவர்களோடு விட்டிருந்தால் மறுநாளே ஆறியிருக்கும். ஆனால் பெரியம்மாவின் தம்பிகள் திருமழிசையிலிருந்து சவுக்குக் கழிகளோடு வந்தார்கள். அம்மாவின் அண்ணன்கள் பூந்தமல்லியிலிருந்து வண்டி நிறைய ஓலை கொண்டுவந்தார்கள். அந்தக் கழியிலும் இந்த ஓலையிலும் முற்றத்து நடுவே ஒரு தட்டி எழும்பியது. கிணறு பெரியப்பா பக்கம் போயிற்று. தெருவுக்குப் போகும் வழி எங்கள் பக்கம் வந்தது. அவர்கள் தண்ணீரை மறித்தால் நாங்கள் வழியை மறிப்போம் என்பதால், இரண்டு பேருமே எதையும் மறிக்காமல் முறைத்துக்கொண்டு இருந்தார்கள். மாமன்மார்கள் சாப்பிட்டுக் கைகழுவி அவரவர் ஊருக்குப் போனார்கள்.

தட்டியைப் பார்த்து நைனா சிரித்தார். அங்கேயும் இதே கதிதான் என்று தரையில் கரியால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். கோட்டுக்கு மேலே இருப்பவனுக்கு ரஷ்யாக்காரனும் சீனாக்காரனும் துணை, கீழே இருப்பவனுக்கு அமெரிக்காக்காரன் துணை. மேலே இருப்பவன் கீழே கடல்வரை தள்ளினானாம். கீழே இருப்பவன் மேலே ஆறுவரை தள்ளினானாம். ஊரெல்லாம் சுடுகாடான பிறகு, கோடு ஏறக்குறையப் புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றதாம். சரி நிறுத்துவோம் என்றபோதும் கைதிகள் விஷயத்தில் இழுத்துக்கொண்டே போனதாம். உன்னிடம் திரும்பி வர உன் ஆளே ஒப்பவில்லை பார் என்று ஒவ்வொருவனும் உலகத்துக்குக் காட்ட வேண்டுமே.

எங்கள் வீட்டில் அப்படி மிச்சமிருந்தது அத்தை.

பெரியப்பாவுக்கும் நைனாவுக்கும் தங்கை. பத்தொன்பது வயதில் தாலியறுத்து வந்தவள். தட்டி வந்த பிறகு காலையில் இங்கே ஆக்கிவிட்டு, தட்டிக் கோடியைச் சுற்றிக்கொண்டு போய் மாலையில் அங்கே ஆக்குவாள். இரண்டு அண்ணன்களும் அவள் நம் வீட்டோடுதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றவர் நைனாதான். அதுவும் கொரியாவில் கைதிகளைக் கேட்ட மாதிரி.

அங்கே ஒரு கூடாரம் போட்டிருந்தார்களாம். கைதி உள்ளே வந்தால் அவன் நாட்டார் பேசுவார்கள். கேட்டுவிட்டு ஒரு வாசலால் போனால் சொந்த ஊர், இன்னொரு வாசலால் போனால் ஊருக்குத் திரும்ப மாட்டான். நம் சிப்பாய்கள் நடுவில் நின்று, யாரும் அவனைத் தொடாமல் பார்த்துக்கொள்வார்கள். நைனா எங்கள் எருமைக் கொட்டகையைக் கூடாரமாக்கினார். தெருப்பக்கம் நுழைகிற வழி. பின்பக்கப் படலில் தட்டிக்கு இந்தண்டை ஒரு திறப்பு, அந்தண்டை ஒரு திறப்பு. நுழைகிற வழியில் என்னை நிறுத்தி, கையில் ஒரு கழியும் கொடுத்தார். எனக்கு எட்டு வயது.

"நீதான் நம்ம பட்டாளம். எந்தக் கட்சியும் இல்ல. அவள யாரும் தொடக்கூடாது, கூப்புடக்கூடாது. தெரிதா?"

அந்தப் பெருமையில் முந்தின நாளே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று சாயங்காலம் அத்தை எனக்குத் தலைவாரிக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு வாசலும் வேணான்னவங்க இல்லியா கண்ணு?"

"இருந்தாங்க அத்தை. அவங்கள நைனா கப்பல்லயே ஏத்திக்கினு வந்துட்டாங்க."

"சோறு போட்டாங்களா?"

"வயிறு ரொம்ப. கப்பல் எம்மாம் பெரிசு தெரிமா?"

அத்தை வாரிய இடத்தையே மறுபடி வாரினாள். அந்தக் கப்பலில் அவர்களில் ஒருத்தன் தினமும் சமையற்கட்டில் நைனாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பானாம். ஒருநாள் பலகையில் சிந்திக் கிடந்த மாவில் விரலால் ஒரு வீடு வரைந்து, வாசலில் ஒரு பொம்பளையையும் வரைந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையால் அழித்துவிட்டானாம். இதையும் நைனா எனக்குச் சொல்லியிருந்தார். நான் அத்தையிடம் சொல்லவில்லை. கப்பலின் பவிசு குறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வெயில் ஏறும்போது அத்தை குளித்து, ஈரத்தலையோடு கொட்டகைக்கு வந்தாள். அந்தத் திறப்பில் பெரியப்பாவும் இந்தத் திறப்பில் நைனாவும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா, செத்துப்போன தகப்பனைப் பற்றிப் பேசினார். நைனா, மாதம் தவறாமல் வருகிற சம்பளத்தைப் பற்றிப் பேசினார். அத்தை இரண்டு பேரையும் நின்று கேட்டாள். அப்புறம் திரும்பி, வந்த வழிக்கே, என்னிடம் வந்தாள்.

"வழியுடு கண்ணு."

யாரும் அவளைத் தொடக்கூடாது என்பதுதானே எனக்கிட்ட உத்தரவு. நான் கழியை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். அண்ணன்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. முதலில் எழுந்து கூப்பிட்டவன் தோற்றவனாகிவிடுவான். குடிக்கத் தண்ணீருக்குப் போயிருப்பாள் என்று அவர் இருந்தார்; இவரும் இருந்தார். அதற்குள் ஆவடி ஸ்டேஷனிலிருந்து பட்டணத்து ரயில் போய்விட்டது.

பெரம்பூரில் ஒரு வீட்டில் சமையல் செய்கிறாள் என்று பிறகு சேதி வந்தது. அவன் போய் அழைக்கட்டும் என்று இவரும், இவன் போகட்டும் என்று அவரும் பன்னிரண்டு வருஷம் இருந்தார்கள். அவள் சாவுக்குத்தான் சேர்ந்து போனார்கள். அவள் சாமான் என்று அங்கே ஒரு சின்ன டிரங்குப் பெட்டியும் இரண்டு சேலையும் இருந்தன. தட்டி மட்கி விழுந்தது அதற்கும் பின்னால்தான். இப்போது அந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது. மேலே கீழே இருப்பவர்கள் ஒருத்தரை ஒருத்தர் அறிய மாட்டார்கள், சண்டையும் இல்லை. டிவியில் எந்த நாட்டுச் சண்டையைக் காட்டினாலும், கழி எவன் கொடுத்தான், ஓலை எவன் கொடுத்தான் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

அத்தை போன அன்று, இரண்டு வீட்டு அடுப்படியிலும் ஒரே அளவில் சோறு வடித்து மூடியிருந்தது. விடிவதற்குள் எழுந்து ஆக்கியிருக்கிறாள். இங்கே ஆக்கி வைத்திருக்கிறாளே, இங்கேதான் வருவாள் என்றாள் அம்மா. தட்டிக்கு அந்தண்டை பெரியம்மாவும் அதையே சொன்னது கேட்டது. நான் என் பங்கில் பாதியை ஒரு தட்டில் எடுத்து, இன்னொரு தட்டால் மூடி உறியில் வைத்தேன். கப்பலுக்குத்தான் போயிருக்கிறாள், எல்லாம் பார்த்து அலுத்துவிட்டு அத்தை பசியோடு வருவாள் என்பது என் கணக்கு. மாவில் வரைந்து அழித்த அந்த வீட்டிலும் ஒருத்தி இப்படித் தட்டு மூடி வைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. எறும்பு ஏறிவிடப் போகிறதே என்றுதான் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.