நாற்பத்தெட்டரை ஹெர்ட்ஸ்

1. கரண்ட் போனது

மேடையில் இருபது வயலின்காரர்கள் வில்லைத் தூக்கியாச்சு. அந்த நேரம் பார்த்து ஹாலில் கரண்ட் போச்சு. சாயங்காலம் நாலரை மணி. நான் அலட்டிக்கொள்ளவே இல்லை. திண்டுக்கல்லில் முப்பது வருஷமாக மைக்செட் போடுகிறவன். பின்வாசலில் பேகம்பூர் ரபீக் பாய் ஜெனரேட்டரோடு தயாராக நின்றார். ஒரே நிமிஷத்தில் லைட் வந்தது. "பாத்தீங்களா டீச்சர், சும்மா ஜம்முனு!" என்று பீற்றிக்கொண்டேன்.

அன்றைக்கு வாசிக்கவிருந்தது ஸ்டெல்லா டீச்சரே எழுதி, மேடையில் முன்னால் நின்று கையசைத்து நடத்தும் இசை. கீரனூர்க் கிணற்று மோட்டார்களின் ரீங்காரத்தைப் பழைய ஸ்பூல் டேப்பில் பதிந்து, வெட்டி ஒட்டி வைத்திருந்தார். வயலின்கள் அதோடு ஒரே சுருதியில் நிற்க வேண்டும். ஐந்து வருஷ உழைப்பு. வாசிப்பவர்கள் ஆளுக்கொரு சர்ச்சிலிருந்து வந்தவர்கள். "இன்னொரு தடவ இவங்கள ஒண்ணு சேக்க என்னால ஏலாதுண்ணே" என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

2. பாயின் கை

டேப்பை ஓட விட்டேன். ஒத்திகையில் கேட்டதைவிட அரை சுரம் கீழே கிடந்தது சத்தம். வயலின் ஒரு பக்கம், டேப் ஒரு பக்கம். இரண்டும் மோதி 'வவ்வவ்வவ்' என்று அதிர்ந்தது. டீச்சர் என்னைப் பார்த்த பார்வைக்கு, அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

பின்வாசலுக்கு ஓடினேன்.

"வோல்ட் இருநூத்தி முப்பது, சுத்தமா இருக்கேப்பா" என்றார் பாய்.

வோல்ட் சரிதான். பக்கத்து மீட்டரில் ஹெர்ட்ஸ், அதாவது கரண்ட் நொடிக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்ற கணக்கு, நாற்பத்தேழு! ஐம்பது இருக்க வேண்டும். ஃபேன், லைட் லோடில் இன்ஜின் வேகம் இறங்கியிருக்கிறது. டேப் ரிக்கார்டரின் மோட்டார் ஹெர்ட்ஸுக்குத் தக்கபடிதான் சுற்றும்; அது மெதுவானால் சுருதியும் இறங்கும். ஒத்திகையை நான் ஈபி கரண்டில் மட்டும்தான் ஓட்டிப் பார்த்திருந்தேன், மடப்பய.

"இன்ஜின் வேகத்த ஏத்தணும், கவர்னர் ஸ்க்ரூவத் திருகுங்க பாய். மெதுவா."

கதவோரம் நின்று காதை மேடைக்குக் கொடுத்து, கையால் பாய்க்குச் சைகை காட்டினேன். அதிர்வு மெதுவானது. வவ்... வவ்... பிறகு நின்றே போனது. சுருதி சேர்ந்துவிட்டது.

"இன்னும் அம்பது வரலையே. நாப்பத்தெட்டரதான்" என்றார் பாய்.

மேடையை எட்டிப் பார்த்தேன். டீச்சர் கையைத் தாழ்த்தித் தாழ்த்தி வயலின்களின் சுருதியைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். டேப்பைப் பிடிக்க அவர் இறங்க, அவரைப் பிடிக்க நான் ஏற, நடுவழியில் சந்தித்திருக்கிறோம்.

"போதும் பாய்! அங்கனயே விடுங்க!"

"அம்பதுதானப்பா கரெக்டு?"

"கரெக்டெல்லாம் அப்பவே போச்சு. கைய எடுங்க."

சொல்லி வாயை மூடவில்லை, ஈபி கரண்ட் வந்துவிட்டது. பாயின் கை பழக்கதோஷத்தில், ஜெனரேட்டரிலிருந்து ஈபிக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்குப் போனது. மாற்றினால் டேப் நின்று, மறுபடி ஐம்பதில் கத்தும். பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். "தொட்டீங்க, கெட்டோம்!" கடைசிச் சுரம் அடங்கும்வரை அந்தக் கையை நான் விடவில்லை.

முடிந்ததும் டீச்சர் நேரே என்னிடம் வந்தார். "ஏண்ணே, டேப் சுருதிய ஏத்திக்கிட்டே வந்து பாதியில நிறுத்துனீங்க?"

"நீங்க எறங்கி வர்றதப் பாத்துட்டேன் டீச்சர்."

அழுதுவிட்டார். "ஆனா மொத ரெண்டு நிமிஷம் போச்சுண்ணே" என்றார். போச்சுதான். அது முழுக்க என் தப்பு.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒத்திகையை ஜெனரேட்டரிலும் ஓட்டிப் பாருங்கள். அதைவிட முக்கியம், தப்பைத் திருத்த ஓடும்போது மறுபக்கம் இருப்பவரும் திருத்திக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். மீட்டரை மட்டும் பார்த்து ஐம்பதுக்கு ஏற்றியிருந்தால், டீச்சரைக் கீழே தனியாக விட்டிருப்பேன்.