தறிக்குழியில் ஒளிந்தவள்

இன்று திருத்தணி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் என் கைத்தழும்பைப் பார்த்துச் சிரித்தார். "அம்மை குத்துனதா? எனக்கும் கீதும்மா."

எனக்குக் குத்தியது அறுபதுகளின் கடைசியில், அம்மையார்குப்பத்தில்.

எதிர்வீட்டுப் பிள்ளையைப் பெரியம்மை கொண்டுபோயிருந்தது. ஆனாலும் குத்திக்கொண்டால் அம்மன் கோபிப்பாள் என்று பயம். அம்மை குத்துபவர் தெருவுக்குள் வந்ததும், அம்மா என்னைத் தறிக்கு அடியில் மிதிகட்டை இருக்கும் குழிக்குள் இறக்கிவிட்டு மேலே நெய்வதுபோல் உட்கார்ந்துகொண்டாள்.

"கொழந்த ஊருக்குப் போய்க்கீதுங்க."

அவர் நகரவில்லை. "தெரு பூரா தறி தடதடன்னு ஓடிகினு கீது. உன்னுது மட்டும் ஏம்மா சும்மா கீது? மிதிச்சா புள்ள தலையில படுமா?"

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குழியிலிருந்து என்னைத் தூக்கி அவளே கையைப் பிடித்துக்கொடுத்தாள். நான் ஊரே கேட்க அழுதேன்.

அந்த மனிதரின் பெயர்கூடத் தெரியாது. முகத்தில் ஒரு வடு இல்லாமல் பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் ஐயா, எங்கிருந்தாலும்.

இந்தக் கதையைக் கேட்ட பஸ் அம்மாள் இறங்கும்போது சொன்னார்: "என்னிய நெல்லுக் குதிருல போட்டு மூடிட்டாங்க. தும்மித் தொலைச்சேன்."

தழும்புக்காரர்களே, உங்களை எங்கே ஒளித்து வைத்தார்கள்?