கசப்பு மருந்தும் கார்த்திகைச் சாம்பாரும்

அடுப்படிச் சோலியில் கண்ணைவிட நாக்குதான் பெரிசு என்று நினைத்திருந்தவள் நான். அது அப்படியில்லை என்று எனக்கு முதன்முதலில் சொன்னது அமலா சிஸ்டர். மூணு வருசத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், கீழே மதுரையில் கண்ணாஸ்பத்திரி பெஞ்சில் வைத்துச் சொன்னார். நான் கண்ணாடி மாற்றத்தான் போயிருந்தேன். இடது கண்ணில் பிரஷர் கூடிக் கிடக்கிறது, குளுக்கோமா என்று பேர், நரம்பு தேய ஆரம்பித்திருக்கிறது என்றார்கள். வலியும் இல்லை, எரிச்சலும் இல்லை. எனக்கு நம்பவே முடியவில்லை. அமலா சிஸ்டர் சொட்டு மருந்துக் குப்பியை என் உள்ளங்கையில் வைத்து, "அம்மா, இதைப் போட்டா பார்வை கூடாது. போடாட்டி குறையும். குறையுறதும் உங்களுக்குத் தெரியாது" என்றார்.

கொடைக்கானலில் ஒரு சின்ன விடுதியில் பதினாலு வருசமாகச் சமைக்கிறேன். மகளைத் திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்தாயிற்று. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். என்னைப்போலக் குப்பியும் கையுமாக இருக்கிறவங்க இதைப் படித்தால் கொஞ்சம் சிரிங்க. இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

வராத மருமகள்

முதல் மருந்து போட்ட பத்தாம் நாள் இடது கண் செவந்துபோனது. கோவைப்பழம் மாதிரி ஒரு கண்ணோடு அடுப்படியில் நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? என்கூடப் பாத்திரம் பண்டம் பார்க்கிற புஷ்பம், வெங்காயம்தான் காரணம் என்று கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு வாரம் வெங்காயம் பக்கமே நான் போகவில்லை, கண் மட்டும் செவந்தபடியே இருந்தது. அப்போதுதான் விடுதி முழுக்க நான் அழுகிறேன் என்று முடிவாகிவிட்டது. மேனேஜர் டேவிட் தம்பி ரெண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

வாரம் ஒரு தடவை ஆயக்குடியிலிருந்து கொய்யா கொண்டுவரும் அண்ணாச்சி என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, நல்லதாக நாலு கொய்யாவைத் தனியே எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "மருமகள ஒண்ணும் சொல்லாதீங்கம்மா, இப்பத்திப் பிள்ளைக அப்படித்தான்" என்றார். என் மகனுக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை.

ஒரு கண்ணுக்கு மட்டும்

செவப்பு தணிந்தது. நாலைந்து மாசத்தில் வேறொன்று ஆரம்பித்தது. மருந்து போடுகிற கண்ணில் இமை முடி நீளமாக, கருகருவென்று, வளைந்து வளர்ந்தது. ஐம்பத்தாறு வயதில் இது என்ன சோதனை முருகா என்று கண்ணாடி முன்னால் நின்று கேட்டேன். வலது கண் என் வயதில் இருந்தது. இடது கண் கல்யாணத்துக்கு நின்றது.

கோயம்புத்தூரிலிருந்து வந்த காலேஜ் பிள்ளைகள் நாலு பேர் காலையில் இட்லி வாங்க வந்தார்கள். அதில் ஒருத்தி இட்லியை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். என்ன கம்பெனி மை, எங்கே வாங்கினீங்க என்று கேட்டாள். மையெல்லாம் இல்லை தாயி, மருந்து என்றேன். அவள் நம்பவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்து, "அப்ப இன்னொரு கண்ணை மட்டும் ஏன் ஆன்ட்டி மறந்துட்டீங்க?" என்றாள்.

குஜராத்திக் குடும்பத்தின் பாராட்டு

ஒரு மருந்துக்குப் பிரஷர் சரியாக இறங்கவில்லை என்று போன வருசம் இரண்டாவது குப்பி ஒன்றும் எழுதினார்கள். காலையில் ஒரு சொட்டு, சாயந்தரம் ஒரு சொட்டு. நான் வெள்ளனே ஆறு மணிக்குக் குளித்து, சாமி கும்பிட்டு, சொட்டை விட்டுக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போவேன். அதிலிருந்துதான் எல்லாம் கசக்க ஆரம்பித்தது. பருப்பு கசந்தது. வெந்தயம் கூடிவிட்டதோ என்று குறைத்தேன். சுரைக்காய் கசப்பென்று கூக்காலிலிருந்து காய் கொண்டுவரும் பையனைத் திட்டினேன். பாவம், அவன் என் முன்னால் ஒரு துண்டைப் பச்சையாகக் கடித்துக் காட்டினான். கடைசியில் எதில் கைவைத்தாலும் ஒரு கட்டி வெல்லம் போட்டேன். என் நாக்குக்கு அப்போதுதான் சரியாக இருந்தது.

விடுதியில் தங்க வந்த மதுரைக்காரர்கள் சாம்பார் வாளியை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். நியாயமாக அன்றைக்கே நான் விழித்திருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் தங்கியிருந்த குஜராத்திக் குடும்பம் மூணு நாளும் சாம்பாரைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தது. வீட்டுப் பெரியவர் அடுப்படி வரைக்கும் வந்து கும்பிட்டு இந்தியில் ஏதோ சொன்னார். டேவிட் தம்பி முகத்தில் சிரிப்பே இல்லாமல் அதை எனக்குச் சொன்னார்: "தமிழ்நாட்டுல இங்கதான் ஒழுங்கா சமைக்கிறாங்களாம்."

மாசக் கார்த்திகை

அதற்கப்புறம் மூணு மாசம் நான் பட்டது கொஞ்சமல்ல. வத்தலக்குண்டிலிருந்து வேறொரு சமையல் மாஸ்டரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்தது. டேவிட் தம்பி கெட்டவர் இல்லை. வயசானால் நாக்கு மரத்துப்போகும், தன் அம்மாவுக்கும் அப்படித்தான் ஆச்சு என்று ஆறுதலாகச் சொன்னார். என்னை அனுப்பப் போகிறார்கள் என்று அந்த ஆறுதலில்தான் எனக்கு உறுதியானது.

கண்டுபிடித்தவள் புஷ்பம். கைக்குழந்தையாகச் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றவர்களோடு வந்தவள். அதிகம் பேச மாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். மாசக் கார்த்திகையன்று நான் எதையும் ருசி பார்ப்பதில்லை. முருகன் படத்துக்கு முன்னால் முதல் கரண்டி வைக்கிறவரை வாயில் படக்கூடாது. உப்பு, புளி எல்லாம் கை அளவுதான், வெல்லம் போடவும் தோன்றாது. அன்றைக்கு வாளி காலியாகித் திரும்பி வருவதை அவள் மூணு மாசமாகக் கவனித்திருக்கிறாள். ஒரு நாள் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "உங்க கை சரியாத்தான் இருக்குக்கா. வாயில வைக்கிற அன்னைக்குத்தான் கெடுது."

நான் ஆட்டிய தலை

மறுநாள் சொட்டு விட்ட கையோடு வெறும் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். தண்ணீரும் கசந்தது. கண்ணில் விட்டது தொண்டைக்குள் இறங்குகிறது என்று அப்போதுதான் விளங்கியது. அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கசக்கிற அந்த இரண்டாவது குப்பியை மட்டும் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். ரெண்டு மாசம் தொடவேயில்லை. நாக்கு திரும்பியது. மதுரைக்காரர்கள் ரெண்டாம் தடவை சாம்பார் கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏறிவரும்போது கொஞ்ச நாளாக முட்டிக்கொண்டிருந்த மூச்சும் லேசானது. வத்தலக்குண்டு மாஸ்டர் பேச்சு அடங்கியது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிரஷர் ஏகத்துக்கும் ஏறியிருந்தது. டப்பாவுக்குள் முகத்தை வைத்து வெளிச்சப் புள்ளிகளை எண்ணுகிற பரிசோதனையில், இடது கண்ணுக்கு ஓரத்தில் பார்வை போன இடம் என்று முன்பே காட்டிய கறுப்புத் திட்டு பெரிசாகியிருந்தது. டாக்டரம்மா மருந்து தவறாமல் போடுறீங்களா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அப்படியென்றால் ரெண்டு மருந்துக்கும் இந்தக் கண் கேட்கவில்லை, ஆபரேஷன்தான் என்று எழுத ஆரம்பித்தார். அந்தப் பேனா ஓடுகிற சத்தத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. பழனி மலையைப் பார்த்துக் கும்பிடுகிற இந்தக் கையை வைத்துக்கொண்டு பொய் சொல்லிவிட்டேனே என்று இருந்தது. "நான் போடலைங்க" என்றேன்.

பேனாவை வைத்துவிட்டார். வெல்லம், சாம்பார், கார்த்திகை எல்லாம் சொன்னேன். மூச்சு முட்டியதைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. முன்னாலேயே ஆஸ்துமா உண்டா என்று கேட்டோமே, இல்லை என்றீர்களே என்றார். ஆஸ்துமா இல்லைங்க, பனி இழுப்புத்தான், மலையில் பாதிப்பேருக்கு உண்டு, அதை யாரும் வியாதியில் சேர்ப்பதில்லை என்றேன். அந்தக் குப்பி இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாதாம். வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். ஆபரேஷன் வேண்டுமா என்று ஒரு மாசம் கழித்துப் பார்க்கலாம் என்றார். பெரிசான திட்டு திரும்பிச் சின்னதாகாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். நான் எழுந்திருக்கும்போது கையைப் பிடித்து, "நாக்கு கசந்தா நாக்கு சொல்லும்மா. கண்ணு சொல்லாது. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

நூற்றெட்டு

புது மருந்திலும் கொஞ்சம் கசப்பு உண்டு. அதற்கும் அமலா சிஸ்டரே வழி காட்டினார். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண்முனையை விரலால் ரெண்டு நிமிசம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். மருந்து தொண்டைக்கு இறங்காது. கடிகாரம் பார்க்க முடியாது, கண்தான் மூடியிருக்கிறதே. அதனால் முருகா முருகா என்று நூற்றெட்டுத் தடவை சொல்கிறேன், கணக்கு சரியாக வருகிறது. ஒரு மாசம் கழித்துப் போனபோது பிரஷர் இறங்கியிருந்தது, ஆபரேஷன் பேச்சை எடுக்கவில்லை. இப்போது காலைச் சாம்பாரைப் புஷ்பம்தான் ருசி பார்க்கிறாள். அவளுக்கு எதிலும் காரம் போதாது. போன வாரம் டேவிட் தம்பி கண்ணில் தண்ணீரோடு வந்து, "அக்கா, அந்தக் குஜராத்திக்காரங்க நம்பர் இருந்தா குடுங்க, அவங்களையே திரும்பக் கூப்பிடுவோம்" என்றார்.

கண்ணுக்கென்று விட்ட ஒரு சொட்டு, இமை முடியிலிருந்து விடுதிச் சாம்பார் வரைக்கும் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. இப்போது மூக்கோரத்தில் ஒரு விரலை வைத்து நான்தான் அதற்குக் காவல் இருக்கிறேன். காலை ஆறு மணிக்கு எங்கள் அடுப்படிப் பக்கம் வந்தீர்களானால், நூற்றெட்டு முடிகிறவரை பால் பொங்குகிறதா என்று மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.