பாலத்தில் நிற்கும் ஜெர்மன் கார்

சைதாப்பேட்டையில் போன மழைக்கு எங்கள் தெருவே பாலும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்தது. என் மச்சான் செல்வம் மட்டும் கார் பேட்டரிக்கு ஜம்பர் ஒயர் தேடிக்கொண்டிருந்தான்.

செல்வம் என் மனைவியின் தம்பி. தி.நகர் டெய்லர் கடைகளுக்கு ஜிப், பட்டன் சப்ளை செய்கிறவன். கடை கடையாக லைன் போவது ஸ்கூட்டரில்தான். போன வருடம் ஒரு ஜெர்மன் கார் வாங்கினான். செகண்ட் ஹேண்ட். அடையாறு டாக்டர் ஒருவர் ஓட்டியது. புதுச் சின்னக் கார் விலைக்கே கிடைத்தது. ஏன் அந்த விலைக்குக் கொடுத்தார்? யாரும் கேட்கவில்லை... நானும்தான்.

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால், என்னவென்று பார்ப்பதற்கே தனி பில். பேட்டரி மாற்றினால், மாற்றியதைக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்கும் கூலி. கார் வாங்குவது ஒரு நாள் வேலை. வைத்திருப்பதுதான் உத்தியோகம்.

செல்வம் ஒரு வழி கண்டுபிடித்தான்.

"ஓட்னாத்தானே மாமா செலவு?"

கவர் போட்டு மூடிவிட்டான். நிறுத்தியே வைத்தால் பேட்டரி இறங்கும். இறங்கியது.

மழை வலுத்தால் எங்கள் பக்கம் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி விடுவார்கள். இந்தக் காரின் என்ஜினுக்குள் தண்ணீர் போனால் ரிப்பேர் செலவு காரின் விலையைத் தாண்டும். அவன் சேமிப்பு மொத்தமும் அந்தக் கார்தான்.

மதியம் தெருவில் கணுக்கால் தண்ணீர். கார் கிளம்பவில்லை. தள்ளலாம் என்றேன்.

"தள்ள முடியாது மாமா. பேட்டரி செத்தா கியர் லாக் ஆயிடும்."

எதிர் வீட்டு பாய் தண்ணீர் கேன் போடுகிறவர். ஒயரும் வைத்திருந்தார். தன் குட்டி யானை லோடு வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இன்னா நைனா, இத்தாம் பெரிய வண்டிக்கு என் வண்டி பால் குடுக்கணுமா?"

"குடு பாய். அப்பால சிரி."

இரண்டு பேட்டரிக்கும் நடுவே ஒயரை மாட்டினார். கார் உறுமியது. பாலம் முழுக்கக் கார். கடைசியில் ஒரு இடம் கிடைத்தது. செல்வம் பானெட்டைத் தடவிக் கொடுத்தான். இருட்டுகிற நேரத்தில் நடந்து திரும்பினோம்.

தெருவில் இடுப்பளவு தண்ணீர். வாசலில் ஒரு ஹேண்டில்பார் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் ஸ்கூட்டர். அதை மேட்டில் ஏற்ற எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை — தினமும் ஓடுகிற வண்டியை யார் நினைக்கிறார்கள்?

"மாமா... லைனுக்கு எதுல போவேன்?" என்றான்.

நான் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

நாலு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்த பிறகு தெருமுனை மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். ஆயிலை மாற்றினார். உதைத்தார். புகையைக் கக்கிவிட்டு ஸ்கூட்டர் கிளம்பியது.

அதிலேயே பாலத்துக்குப் போனோம். கார் பளபளவென்று நின்றது. செல்வம் உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தினான். சத்தமே இல்லை.

இறங்கினான். ஸ்கூட்டரைத் திருப்பினான் — பாயைக் கூட்டிவர.